கொடியடுப்பில் ஒரு கவுன்சில்

விறகடுப்பு புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கொடியடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் அடுப்புக் காலத்தில் பிறந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெரிய மண்ணடுப்பை ஒட்டி, பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு அடுப்புக் கண் இருக்கும். அதில் விறகு வைக்கத் தனி வாய் கிடையாது. பெரிய அடுப்பில் எரிகிற தீயின் அனல் உள்ளே இருக்கும் துளை வழியாக வந்து அதைச் சூடாக்கும். உலை வைத்துச் சோறு பொங்க அது பற்றாது. ரசம் கொதிக்கும், பால் காயும், இறக்கிய குழம்பு ஆறாமல் இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் அது இல்லாத சமையலறையில் சாப்பாட்டு நேரத்துக்கு ரசம் வந்து சேராது.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பாரிஷ் கவுன்சிலுக்கு உள்ள இடம் இந்தக் கொடியடுப்பின் இடம்தான். கொல்லையில் மூட்டுகிற கோட்டை அடுப்பாக மேலே கவுண்டி கவுன்சில் இருக்கிறது. சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அதன் பாடு. வீட்டுக்குள் இருக்கும் பெரிய அடுப்பு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது, வரி வசூலிப்பது அதன் வேலை. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது பாரிஷ். சிறுவர் விளையாட்டுத் திடல், பெஞ்சு, பஸ் நிறுத்தத்துக் கூரை, இடுகாடு, ஊர்க் குளம், போர் நினைவுச் சின்னம், சில ஊர்களில் தெருவிளக்கு. சின்ன நகரங்களின் டவுன் கவுன்சில்களையும் சேர்த்தால் இப்படிச் சுமார் 10,000 கவுன்சில்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் உறுப்பினர்கள். பெரும்பாலும் யாருக்கும் ஒரு பென்னிகூடச் சம்பளம் கிடையாது.

பெயரைப் பார்த்து இதைத் தேவாலய விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஊரின் ஏழைகளுக்கு உதவி, வழித்தடம், இடுகாடு எல்லாவற்றையும் தேவாலயத்தில் கூடும் வெஸ்ட்ரி என்ற கூட்டம் பார்த்துக்கொண்டது. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஊர்க் காரியங்களைத் தேவாலயத்திடமிருந்து பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலிடம் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே முதல் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத அந்தக் காலத்தில், மணமான பெண்களும் பாரிஷ் கவுன்சிலுக்குப் போட்டியிட அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. இன்றைக்குப் பாதிரியாருக்கு அதில் தனி இருக்கை எதுவும் கிடையாது. வேண்டுமானால் மற்றவர்களைப் போல மனு போட்டு நிற்கலாம்.

இப்போது சமையல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விறகிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பாரிஷ் நேரடியாக வரி வசூலிப்பதில்லை. அடுத்த நிதியாண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, டிஸ்ட்ரிக்டிடம் ஒரு தொகையைக் கேட்கும். அந்தக் கோரிக்கைக்கு ப்ரிசெப்ட் என்று பெயர். மார்ச் 1ஆம் தேதிக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும். டிஸ்ட்ரிக்டுகள் ஜனவரியிலேயே கேட்டுவிடுவதால் பெரும்பாலான ஊர்களில் பட்ஜெட் பேச்சு நவம்பரில் தொடங்கிப் பொங்கல் வாக்கில் முடிந்துவிடும்.

ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 700 வாக்காளர்கள், 7 கவுன்சிலர்கள். கிளார்க் சம்பளம் 7,500 பவுண்டு. புல் வெட்டுவதற்கு 4,500. தெருவிளக்குக்கு மின்சாரமும் பழுதும் சேர்த்து 3,000. விளையாட்டுத் திடல் பராமரிப்பு 2,000. இன்சூரன்ஸ் 1,200. ஹால் வாடகை, தணிக்கை, சங்கச் சந்தா 1,300. இடுகாட்டுச் சுவர் 800. இதயம் நின்றவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவிக்கு 300. என்றாவது மாற்ற வேண்டிய ஊஞ்சலுக்காக ஒதுக்கி வைப்பது 3,000. தேர்தல் வந்தால் அந்தச் செலவை டிஸ்ட்ரிக்ட் பாரிஷிடம்தான் கேட்கும், அதற்காக 1,000. மொத்தம் 24,600. காய்கறித் தோட்டத் துண்டுகளின் குத்தகையில் 600 பவுண்டு வருகிறது. மீதி 24,000தான் ப்ரிசெப்ட்.

இதை வீடுகளின் தலையில் பங்கு போடும் விதம் ஒரு தனிக் கணக்கு. இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1ஆம் தேதி என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பீட்டின்படி ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் இருக்கிறது. நேற்றுக் கட்டிய வீடாக இருந்தாலும் 1991இல் அது இருந்திருந்தால் என்ன விலை என்றுதான் பார்ப்பார்கள். நடுவில் இருக்கும் டி பிரிவுதான் அளவுகோல். ஏ பிரிவு வீடு அதில் ஒன்பதில் ஆறு பங்கு கட்டும், எச் பிரிவு இரண்டு மடங்கு கட்டும். நம் கிராமத்தின் எல்லா வீடுகளையும் டி பிரிவு வீடுகளாக மாற்றிக் கணக்கிட்டால் 320 வருகிறது என்று வைத்துக்கொண்டால், 24,000ஐ 320ஆல் வகுக்க டி வீட்டுக்கு ஆண்டுக்கு 75 பவுண்டு. ஏ வீட்டுக்கு 50, எச் வீட்டுக்கு 150. கவுன்சில் வரி பில்லில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ் எல்லாம் வரிசையாக இருக்க, பெரும்பாலும் மிகச் சின்ன எண்ணாக பாரிஷின் வரி தனி வரியில் அச்சாகி வரும்.

கொடியடுப்பு உவமை இந்த இடத்தில் தலைகீழாகிறது. பெரிய அடுப்பு எவ்வளவு எரிகிறதோ அவ்வளவுதான் கொடியடுப்புக்கு அனல் என்பது சமையலறையின் விதி. இங்கே கொடியடுப்பு எனக்கு இவ்வளவு அனல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், பெரிய அடுப்பு மறுபேச்சில்லாமல் அதை அனுப்பியாக வேண்டும். ப்ரிசெப்டைக் குறைக்க டிஸ்ட்ரிக்டுக்கு அதிகாரம் இல்லை. பெரிய கவுன்சில்கள் வரியைக் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை அரசு விதிக்கவில்லை. கையில் இருக்கும் கட்டுப்பாடு வேறு வகையானது: வரியை ஏற்றிய ஏழு பேரும் மறுநாள் காலையில் அதே ஊர்க் கடையில்தான் பால் வாங்கியாக வேண்டும்.

பணம் கேட்பதில் இவ்வளவு சுதந்திரம் கொடுத்த சட்டம், செலவழிப்பதில் கையைக் கட்டி வைத்திருக்கிறது. கொடியடுப்பின் கண்ணில் எல்லாப் பாத்திரமும் உட்காராது அல்லவா. பாரிஷ் எதைச் செய்தாலும் அதைச் செய்ய அனுமதிக்கும் ஒரு சட்டப் பிரிவு இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட 1953ஆம் ஆண்டுச் சட்டம். பொதுக் கடிகாரம், பெஞ்சு, தெருவிளக்குக்கு 1957. குளம், சாக்கடை தூர்வார 1936. காய்கறித் தோட்டத்துக்கு 1908. தோட்டத் துண்டு வேண்டும் என்று ஊரில் ஆறு வாக்காளர்கள் எழுதிக் கேட்டாலே கவுன்சில் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தாக வேண்டும். எந்தப் பாத்திரமும் பொருந்தாத செலவுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 137ஆம் பிரிவு இருக்கிறது. ஊருக்கு நன்மை என்று காட்டினால் போதும். அதற்கும் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. 2024-25இல் அது 10.81 பவுண்டு. நம் கிராமத்துக்கு ஆண்டுக்கு 7,567 பவுண்டு. கிளார்க் அதற்கான முழுத் தகுதித் தேர்வை முடித்து, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தேர்தல் வழியாக வந்தவர்களாகவும் இருந்தால், 2011ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டத்தின்படி பொது அதிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தத் தேடலிலிருந்து தப்பிக்கலாம். ஆள் கிடைக்காமல் கூப்பிட்டு உட்கார வைத்த உறுப்பினர்களே அதிகம் இருக்கும் சின்ன ஊர்களுக்கு அந்த யோகம் வாய்ப்பது அரிது.

கிளார்க் என்றதும் குமாஸ்தா என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அடுப்படியில் நிற்பவர் அவர்தான். கவுன்சிலர்கள் என்ன சமைப்பது என்று முடிவு செய்கிற வீட்டுக்காரர்கள். உப்பு, புளி இருக்கிறதா, இந்தப் பாத்திரம் இந்தக் கண்ணில் நிற்குமா, பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பது கிளார்க். பெரும்பாலும் பகுதிநேர வேலை. நம் கிராமத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று வையுங்கள். அலுவலகம் என்பது அவர் வீட்டில் ஒரு மேசையும் ஒரு அலமாரியும். அழைப்பாணை அனுப்புவது, கணக்கு எழுதுவது, சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று சொல்வது, புல் வெட்டுபவர் வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்பது, இடுகாட்டில் எந்தக் குழி யாருக்கு என்ற பதிவேட்டைக் காப்பது என எல்லாம் அவர் தலையில். கவுன்சிலரே சம்பளத்துக்கு கிளார்க்காக வேலை பார்க்க முடியாது. பதவியை விட்ட பிறகும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கிளார்க் யாருடைய வேலையாள் என்ற கேள்வியில்தான் பல ஊர்களில் சண்டை வருகிறது. அவர் கவுன்சிலின் வேலையாள். தலைவரின் வேலையாள் அல்லர். எந்த உறுப்பினரும் தனியாக அவருக்கு உத்தரவு போட முடியாது. இதைவிட முக்கியம், தலைவராலும் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. சட்டப்படி கவுன்சில் தன் அதிகாரத்தை ஒரு குழுவிடமோ ஊழியரிடமோ கொடுக்கலாம், தனியொரு கவுன்சிலரிடம் கொடுக்க முடியாது. ஆகவே “நானும் தலைவரும் போனில் பேசி முடிவு பண்ணிட்டோம்” என்பது செல்லாது. தலைவரை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள் ஒவ்வொரு ஆண்டும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்தை நடத்துவதும், ஓட்டு சமமானால் இன்னொரு ஓட்டுப் போடுவதும்தான் அவருக்குக் கூடுதலாக இருப்பது. பரிமாறும்போது கரண்டி அவர் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த விவகாரம் ஒருமுறை உலகத்துக்கே தெரிந்தது. 2020 டிசம்பரில், ஊரடங்குக் காலத்தில், செஷயர் பகுதியின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் ஜூம் வழியாகக் கூடியது. யார் கூட்டத்தை நடத்துவது என்று வெடித்த சண்டையில், கிளார்க் இடத்தில் உதவிக்கு வந்திருந்த ஜாக்கி வீவர், தலைவரையே திரையிலிருந்து தூக்கிக் காத்திருப்பறையில் போட்டார். 2021 பிப்ரவரியில் அந்தக் காணொளி பரவி அவர் ஒரே நாளில் பிரபலமானார். உங்களில் சிலர் பார்த்துச் சிரித்திருக்கக்கூடும். பின்னால், 2022இல் வெளியான விசாரணை அறிக்கை, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது, ஆனாலும் முறைப்படி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற பொருளில் முடிந்தது. தலைவரிடமும் இல்லை, வெளியேற்றியவரிடமும் இல்லை. அன்றைக்கு அந்தத் திரையில் அதிகாரம் இருந்த ஒரே பொருள் முறைப்படி கூடிய கவுன்சில் மட்டும்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். பெஞ்சுக்கு வார்னிஷ் அடிக்க இத்தனை சட்டமா? என் அபிப்பிராயம் இது: சம்பளமில்லாத ஏழு பேர், அண்டை வீட்டுக்காரர்களைப் பற்றி, அண்டை வீட்டுக்காரர்களின் காசை வைத்து முடிவு செய்கிறார்கள். அவர்களுக்குள் பழைய வேலித் தகராறு இருக்கும், சம்பந்தி உறவு இருக்கும். ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை வைத்து இது ஓடாது. அஜெண்டா, கோரம், மினிட் புத்தகம் என்ற வெறும் காகிதங்கள்தான் பகையை மினிட் புத்தகத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றன. பெரிய கவுன்சிலில் முறைகேட்டைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் படை இருக்கிறது. இங்கே முறை மட்டும்தான் இருக்கிறது.

அந்த முறை ஒரு மாதத்தில் எப்படி நடக்கிறது? கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு என்று வைப்போம். அதற்கு முன் முழுதாக மூன்று நாட்கள் இடைவெளி விட்டு அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது, ஞாயிறும் அரசு விடுமுறையும் வராது. வியாழக்கிழமை ஒட்டினால் வெள்ளி, சனி, திங்கள் என்று சரியாக மூன்று. அனுபவமுள்ள கிளார்க் புதன்கிழமையே ஒட்டிவிடுவார். கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பலகை, உள்ளே ஈரம் கோத்து ஓரம் சுருண்ட தாள், நான்கு மூலையிலும் குண்டூசி. அந்தத் தாளில் இல்லாத எதையும் கூட்டத்தில் முடிவு செய்ய முடியாது. கடைசியில் ‘இதர விஷயங்கள்’ என்று போட்டு அதற்குள் எதையும் நுழைக்கவும் முடியாது. மூன்று நாளுக்கு முன்னால் கதவில் ஒட்டிய பட்டியலில் இல்லாத பதார்த்தம் அன்றைக்கு அடுப்பேறாது. பேசலாம், அடுத்த மாதப் பட்டியலில் சேர்க்கலாம்.

கூட்டம் பெரும்பாலும் ஊர் ஹாலில்தான். மது விற்க உரிமம் உள்ள இடத்தில், அந்த நேரத்தில் அங்கே மது கிடைக்கும் என்றால், நியாயமான வாடகைக்கு வேறு அறை கிடைக்கும்போது கவுன்சில் அங்கே கூடக் கூடாது என்பது சட்டம். மூடப்போகிற ஊர் பப்பைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிடச் சொல்லி, விற்பனையை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு 2011 சட்டத்தில் பாரிஷுக்கு உண்டு. அந்தப் பப்பிலேயே உட்கார்ந்து அதைப் பேசத்தான் முடியாது.

ஏழு பேரில் மூன்று பேர் வந்திருந்தால் கோரம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் எப்படியும் மூன்றுக்குக் குறையக் கூடாது. வராதவர்களின் மன்னிப்புக் கடிதம் முதலில். இதைச் சும்மா மரியாதைக்கு என்று நினைக்கக் கூடாது. கவுன்சில் ஏற்றுக்கொண்ட காரணம் இல்லாமல் ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராதவரின் பதவி தானாகவே போய்விடும். பிறகு, இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்த லாப நட்டம் இருக்கிறதா என்ற அறிவிப்பு. தன் நிலத்தை ஒட்டிய மனு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட நலனை மறைப்பது 2011 சட்டத்தின்படி குற்ற வழக்காகும் சமாச்சாரம்.

பொதுமக்கள் வந்து உட்காரலாம். இந்த உரிமைக்குப் பின்னால் எதிர்பாராத ஒரு பெயர் இருக்கிறது. 1959இல் முதல்முறை நாடாளுமன்றம் போன மார்கரெட் தாட்சர், 1960 பிப்ரவரியில் தன் கன்னிப் பேச்சிலேயே ஒரு தனிநபர் மசோதாவை முன்வைத்தார். உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பத்திரிகைக்காரர்களையும் மக்களையும் விட வேண்டும் என்பதற்காக. அது சட்டமானது. இன்றும் பாரிஷ் கூட்டக் கதவு திறந்திருப்பது அந்தச் சட்டத்தால்தான். 2014 முதல் கூட்டத்தைக் காணொளியாகப் பதிவு செய்யவும் தடையில்லை. அத்தனை உரிமையும் இருக்க, சாதாரண மாதத்தில் வந்து உட்காருபவர்கள் இரண்டு பேர். புது வீட்டுத் திட்டம் ஒன்று வந்தால் நாற்காலி போதாது.

ஓட்டு வழக்கமாகக் கையைத் தூக்கித்தான். ரகசியச் சீட்டு வழக்கமில்லை. உறுப்பினர் யாராவது கேட்டால் யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு எழுத வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருக்கு எதிராகக் கை தூக்குவதில் ஒரு பழக்கம் தேவைப்படுகிறது. பலருக்கு அது முதல் ஆண்டில் வருவதில்லை. மினிட்டில் பேச்சு இருக்காது, முடிவு மட்டும் இருக்கும். முக்கால் மணி நேரம் நாய் அசிங்கம் பற்றி நடந்த வாக்குவாதம், ‘இரண்டு புதிய தொட்டிகள் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் அடங்கிவிடும். பால் பொங்கி வழிந்த கதையை யாரும் எழுதி வைப்பதில்லை.

கூட்டத்துக்கு வெளியே நடப்பதுதான் அன்றாட வேலை. கிளார்க்குக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி, பாரிஷுக்குச் சம்பந்தமே இல்லாதவை. முதலிடம் ரோட்டுப் பள்ளத்துக்கு. சாலை கவுண்டியின் அடுப்பில் வேகிற சமாச்சாரம். பாரிஷ் அதன் மேல் ஒரு கூடை தாரும் போட முடியாது. கிளார்க் கவுண்டியின் தளத்தில் புகார் பதிந்து, குறிப்பு எண் வாங்கி, புகார் சொன்னவருக்கு அனுப்புவார். பல கவுண்டிகளில் பள்ளம் 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் அவசரமாகச் சரிசெய்யும் பட்டியலில் சேரும். 35 இருந்தால் அது இன்னும் பள்ளமாகவில்லை. அப்படிச் சொல்லி ஓர் ஊர்க்காரரைச் சமாதானம் செய்வது எந்தத் தகுதித் தேர்விலும் சொல்லித் தருவதில்லை. எது எந்த அடுப்பில் வேக வேண்டியது என்று தெரிந்து வைத்திருப்பதும், அந்த அடுப்புக்காரரை விடாமல் நச்சரிப்பதும்தான் ஒரு நல்ல கிளார்க்கின் பாதித் திறமை.

தன் சொந்தப் பாத்திரங்கள் என்று வரும்போது பாரிஷ் மிகவும் கவனமாக இருக்கும். விளையாட்டுத் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், ஒரு படிவத்தோடு போவார். ஊஞ்சல் சங்கிலியில் கண்ணும் கண்ணும் உரசுகிற இடம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா, மேலே மாட்டியிருக்கும் கொக்கி வாய் விரிந்திருக்கிறதா, போல்ட்டின் பிளாஸ்டிக் மூடி போய்க் கூர்மை தெரிகிறதா, கீழே விரித்த ரப்பர் தரை சுருங்கி இரண்டு தகட்டுக்கு நடுவில் குழந்தையின் கால்விரல் போகிற இடைவெளி வந்திருக்கிறதா என்று பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து பரிசோதகர் வந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆபத்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்த வாரப் படிவங்களின் கட்டைத்தான்.

சிவப்பு டெலிபோன் பெட்டிகளும் இப்போது இந்தப் பட்டியலில் இருக்கின்றன. கைப்பேசி வந்த பிறகு யாரும் பயன்படுத்தாத பெட்டிகளை பிரிட்டிஷ் டெலிகாம் 2008 முதல் ஒரு பவுண்டுக்கு ஊர்களுக்குக் கொடுத்தது. போனை எடுத்துவிட்டு வெறும் கூடு. சில ஊர்களில் அது புத்தக அலமாரி ஆனது, பல ஊர்களில் டிஃபிப்ரிலேட்டர் வைக்கும் இடம். பேட்டரி விளக்கு பச்சையாக இருக்கிறதா, நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதி என்ன என்று யாராவது பார்த்துக் குறித்தாக வேண்டும். ஒரு பவுண்டுக்கு வாங்கிய பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவு தனிக்கதை.

அதிகம் பேர் கூடுவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் கட்டட அனுமதி விஷயத்தில்தான். ஊரில் யார் வீட்டை நீட்டினாலும், வயலில் முப்பது வீடு கட்ட மனு போட்டாலும், டிஸ்ட்ரிக்ட் அதைப் பாரிஷுக்குத் தெரிவித்துக் கருத்துக் கேட்கும். பொதுவாக 21 நாள் அவகாசம். பாரிஷ் ஆட்சேபிக்கலாம், ஆதரிக்கலாம். முடிவு டிஸ்ட்ரிக்டினுடையது. பெரிய அடுப்பில் கொதிக்கிற குழம்பை முகர்ந்து பார்த்து உப்பு அதிகம் என்று சொல்லலாம், இறக்கி வைக்க முடியாது. அதிலும் எதைச் சொன்னால் எடுபடும் என்ற வரையறை இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் நேராகப் படுக்கையறையைப் பார்க்கும், வளைவில் வண்டி வருவது தெரியாது, மழைநீர் வடிய வழியில்லை என்றால் கணக்கில் எடுப்பார்கள். என் வீட்டு மதிப்பு குறையும், என் ஜன்னலில் தெரிந்த மலை மறைந்துவிடும் என்றால் எடுக்க மாட்டார்கள். ஊரே திரண்டு வந்து சொல்வது பெரும்பாலும் பிந்தைய இரண்டையும்தான். அந்தக் கொதிப்பை, டிஸ்ட்ரிக்ட் காது கொடுக்கிற மொழியில், வடிகாலும் வளைவுமாக எழுதித் தருவதில் பாரிஷின் உண்மையான பயன் இருக்கிறது. கிராமமே கூடி ஓர் அயல்வட்டாரத் திட்டம் எழுதி, பொது வாக்கெடுப்பில் தேறவைத்தால் அதற்குச் சட்ட மதிப்பு வந்துவிடும். அந்த ஊரில் வரும் புதுக் கட்டடங்களுக்கு டிஸ்ட்ரிக்ட் வசூலிக்கும் உள்கட்டமைப்புக் கட்டணத்தில் பாரிஷின் பங்கும் 15 சதவீதத்திலிருந்து 25 ஆகும். அந்தக் கட்டணத்தை வசூலிக்காத டிஸ்ட்ரிக்டுகளும் உண்டு, அங்கே இந்தப் பங்கு பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 31இல் கணக்கு முடியும். உள்தணிக்கையாளர் ஒருவர் பார்ப்பார். ஆண்டு வரவும் செலவும் 25,000 பவுண்டுக்குள் இருந்தால் வெளித்தணிக்கையிலிருந்து விலக்குக் கேட்கலாம். நம் கிராமம் 24,600இல் நின்றதில் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். விலக்கு வாங்கினாலும் கோடையில் 30 வேலைநாட்கள் கணக்குப் புத்தகத்தை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். மே மாதம் ஆண்டுக் கூட்டத்தில் முதல் வேலையாகத் தலைவர் தேர்வு. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு கூட்டம் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடக்கும்: அது கவுன்சிலின் கூட்டமே அல்ல, ஊர் வாக்காளர்கள் எல்லோருடைய கூட்டம். மாலை ஆறு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது, உழைத்துவிட்டு வருபவர்கள் வர வேண்டும் என்பதற்காக. ஆண்டின் மற்ற நாட்களிலும் ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டிவிடலாம்.

நடுவில் ஒரு இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டப்படும். 14 நாளுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல். யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் பெரியவர்களுக்காக 2012இல் எழுதிய முதல் நாவலின் கதையே இப்படிக் காலியான ஒரு பாரிஷ் இருக்கையைப் பற்றியது. நாவலில் அந்த இடத்துக்கு அடிதடி. நிஜத்தில் பல ஊர்களில் தலைவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறார்.

இப்போது பெரிய அடுப்பையே இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு அடுக்கை எடுத்துவிட்டுச் சுமார் ஐந்து லட்சம் பேருக்கு ஒரே கவுன்சில் என்று கொண்டுவரப் போவதாகச் சொன்னது. பல பகுதிகளில் இது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது: கார்ன்வால், வில்ட்ஷயர் 2009இல், சாமர்செட்டும் வடக்கு யார்க்ஷயரும் 2023இல். பெரிய அடுப்பு தூரமாகப் போகப்போக, அதில் வைக்க இடமில்லாத பாத்திரங்கள் கொடியடுப்புக்கு நகர்கின்றன. கார்ன்வாலில் பொதுக் கழிப்பறைகள் அப்படித்தான் பாரிஷ்களின் கைக்கு வந்தன. கட்டடம் இலவசம். சுத்தம் செய்கிறவரின் கூலி, தண்ணீர், மின்சாரம், உடைத்துவிட்டுப் போகிறவர்களின் கைங்கரியம் எல்லாம் பாரிஷின் தலையில். நம் கிராமம் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டால் டி பிரிவு வீட்டுக்கு 75 பவுண்டு நூறைத் தாண்டும். எடுத்துக்கொள்ளாவிட்டால் கோடையில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்குப் பூட்டிய கதவுதான். அந்த முடிவு ஜனவரி அஜெண்டாவில் ஒன்பதாவது இனமாக, நாய்த் தொட்டிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வரும்.